பெயர் வராத வயல்

மழை அடைத்துக்கொண்டு பெய்தால், ஊர்த் தண்ணீரை வடியவைக்க வடிகால் ஓரத்து வயல் ஒன்றைக் காவு கொடுத்தாக வேண்டும். வரப்பை வெட்டி அதன் வழியே தண்ணீரைத் தள்ளுவார்கள். அதில் நிற்கும் சம்பா மண்ணோடு மண்ணாகப் போகும். யார் வயல் என்பதைக் குலுக்கல் சொல்லும். ஒரு முறை கொடுத்தவர் பெயர், எல்லோரும் கொடுத்து முடிக்கும்வரை மறுபடி வராது.

சீட்டெழுதிக் குலுக்கிய காலம் போய், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பரணிதரனின் லேப்டாப் வந்தது. எக்செல்லில் பெயர்களை அடித்தான். முதல் வரியில் தன் பெயர். குலுக்கும் பார்முலாவை மட்டும் இரண்டாவது வரியிலிருந்து போட்டான்; அவன் பெயர் குலுக்கலில் விழவே விழாது. வெளிநாட்டில் மாடாய் உழைத்து வாங்கிய வயலை வெள்ளத்துக்குக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. மற்றவர்களுக்கு மட்டும் வந்ததா என்ன? லேப்டாப் இவனிடம் இருந்தது, அவ்வளவுதான்.

மழைக்கு மழை ஒரு பெயர் வந்தது. வந்த பெயரை நீக்கினான். "பரணிக்கு உடம்பெல்லாம் மச்சம்" என்று ஊர் சிரித்தது. பட்டியல் குறையக் குறைய அவனுக்குத்தான் பயம் வந்தது. வந்த பெயர் திரும்ப வராது என்றால், கடைசியில் தன் பெயர் மட்டும் தனியாக நிற்குமே! அதை அவன் முதலில் யோசிக்கவில்லை.

இந்தக் கார்த்திகையில் மிஞ்சியது அவனும் ராமாயியும்தான். புருஷன் போனபின் குத்தகைக்கு உழுபவள்; அந்த வயலை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. ஊரே அவன் வீட்டுக் கூடத்தில் ஈரத்தோடு நின்றது. பரணிதரன் விசையை அழுத்தினான். ராமாயி பெயர் வந்தது.

"முறைன்னா முறைதான்," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் அவள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

போன வருஷம் வயலைப் பறிகொடுத்த ரெங்கசாமி வாசலிலிருந்து கத்தினார். "ஒரு வயலு பத்தாது தம்பி! தண்ணி தெருவுக்குள்ள ஏறுது. அடுத்த பேரையும் எடுங்க."

கூடம் முழுக்க அவனைப் பார்த்தது. பரணிதரன் லேப்டாப் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எடுக்க என்னண்ணே இருக்கு? நான்தானே பாக்கி. என் வயல வெட்டிக்கங்க."

கூட்டம் நெகிழ்ந்துபோனது. ராமாயிகூட அவனைக் கும்பிட்டாள். அவன் அவசரமாக லேப்டாப்பை மூடக் கை நீட்டினான்.

அவன் மனைவி கவிப்ரியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இருங்க. எல்லாருக்கும் நடந்த மாதிரி நமக்கும் முறையா நடக்கட்டும். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது," என்றவள், ராமாயியின் பெயரை நீக்கிவிட்டு அவளே அழுத்தினாள்.

பெயர் எதுவும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். பிழை என்றே காட்டியது.

"ஏங்க, நம்ம பேரு முதல்லயே இருக்கே. ஏன் வர மாட்டேங்குது?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள்.

வயலைக் கொடுத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பரணிதரன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான். ரெங்கசாமி மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டார்.

"ராமாயி வயல்ல யாரும் கை வைக்காதீங்க," என்றார். "இவன் வயல நாலு பக்கமும் வெட்டுங்க."