ஏழாம் மண்டலம், பிரிவு மூன்று

எங்கள் ஊரில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆறரை அக்கா என்றால் குழந்தை கூட வழி காட்டும். பத்தொன்பது வருடம் காலை ஆறரை மணிக்கு வானொலியில் உள்ளூர்ச் செய்தி வாசித்தவள் நான். எந்தத் தெருவில் மின்சாரம் போகும், எந்தப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, எந்த நகராட்சி உறுப்பினர் கூட்டத்தில் குறட்டை விட்டார், எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரியும். குறட்டை விட்டவர் என்னோடு இன்றுவரை பேசுவதில்லை. போகட்டும்.

எட்டு மாதத்துக்கு முன் தலைநகரத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. இனி எல்லா ஊருக்கும் ஒரே செய்தி, அங்கிருந்தே வரும் என்றது. ஆறு பேர் வேலை பார்த்த நிலையத்தில் என்னை மட்டும் விட்டுவைத்தார்கள். என்ன வேலை தெரியுமா? பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. எரிந்தால் சும்மா இருக்க வேண்டும், அணைந்தால் போன் போட வேண்டும். இதற்கு ஒரு வாய் எதற்கு? 'உள்ளூர்' என்று எழுதியிருந்த சுவிட்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையும் குத்திவிட்டுப் போனார்கள்.

என் பழைய வேலையில் ஒரு சூட்சுமம் இருந்தது. குடிநீர் வாரியம், மின்வாரியம் எல்லாமே அறிவிப்பில் எண்ணைத்தான் போடும். ஏழாம் மண்டலம், பிரிவு மூன்று என்று வரும். அப்படி ஓர் இடத்தில் எங்கள் ஊரில் யாருமே குடியிருக்கவில்லை. ஓட்டைப் பாலத்தில்தான் குடியிருக்கிறார்கள். பாலத்தின் ஓட்டையை அடைத்து நாற்பது வருடம் ஆகிறது, பெயரை யாராலும் அடைக்க முடியவில்லை. அதனால் நான் ஒரு தாளில் முப்பத்தொரு வரி எழுதி ஒலிப்பதிவு அறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். இடப்பக்கம் எண், வலப்பக்கம் ஊர்வாய்ப் பெயர். அதைப் பார்த்துப் பெயரை மாற்றித்தான் வாசிப்பேன்.

ஓட்டைப் பாலத்தில்தான் என் தம்பி வீடு. தம்பி பெண்டாட்டிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குழாயில் திருட்டு மோட்டார் போட்டவர்கள் பட்டியல் ஒருமுறை செய்திக்கு வந்தது. பதினான்கு வீடு, ஒன்பதாவது என் தம்பி வீடு. எட்டையும் பத்தையும் வாசித்துவிட்டு ஒன்பதை முழுங்கச் சொல்கிறீர்களா? கதவு எண்ணோடு வாசித்தேன். அன்றோடு அவள் தன் போனில் என் எண் வராதபடி செய்துவிட்டாள். மூன்று வயது இரட்டைக் குழந்தைகள், ஞாயிற்றுக்கிழமை தம்பி கடைத்தெருவுக்குக் கூட்டிவந்தால் பார்ப்பேன். என்னைப் பார்த்ததும் இரண்டும் சேர்ந்து "ஆறரை அத்தை!" என்று கத்தும். எனக்கு உயிரே அதுகள்தான்.

அன்று பன்னிரண்டரை மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலைநகரத்துப் பெண்ணின் குரல் தேனாக ஒழுகும், குறை சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பயணம், விளையாட்டு, அப்புறம் வரிசையாக நாற்பது ஊர் அறிவிப்பு, ஊர்ப் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு. நடுவில் இதையும் வாசித்தாள். ஏழாம் மண்டலம், பிரிவு மூன்றில் ஆலைக் கழிவு குடிநீர்க் குழாயில் கலந்திருக்கிறது, குழாயைக் கழுவுவதற்காக இரண்டு மணிக்குத் தண்ணீர் திறந்துவிடப்படும், காய்ச்சினாலும் அதைக் குடிக்கக் கூடாது. யாரோ பாவம் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு டப்பாவைக் கழுவப் போனேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். எட்டு மாதமாக அந்தப் பெட்டி எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, காது மரத்துப்போயிருந்தது.

ஒன்று ஐம்பதுக்குப் பொழுது போகாமல் கண்ணாடியைத் துடைத்தேன். தாள் இன்னும் ஒட்டியிருந்தது, சுரண்டியும் அவர்களால் எடுக்க முடியாமல் விட்டது. பதினேழாவது வரியில் கண் போனது. இடப்பக்கம் ஏழாம் மண்டலம், பிரிவு மூன்று. வலப்பக்கம் ஓட்டைப் பாலம்.

தம்பிக்கு அடித்தேன். அவன் இரும்புப் பட்டறையில் இருக்கிறான், உள்ளே போன் கொண்டுபோக விட மாட்டார்கள். அவளுக்கு அடித்தேன், போகவில்லை. தலைநகரத்துக்கு அடித்தேன். செய்திப் பிரிவில் ஒரு பையன் எடுத்தான்.

"தம்பி, அந்தத் தண்ணி அறிவிப்ப இப்பவே திரும்ப வாசிங்க. ஓட்டைப் பாலம்னு சொல்லி வாசிங்க."

"என்ன பாலம் மேடம்?"

"ஓட்டைப் பாலம்! ஏழாம் மண்டலம்னா இங்க ஒருத்தருக்கும் தெரியாதுப்பா."

"வாரியம் அனுப்புனதத்தான் மேடம் வாசிக்க முடியும். பட்டப்பேரெல்லாம் வாசிச்சா நாளைக்கு யார் பதில் சொல்றது?"

"குழந்தைங்க இருக்குதுப்பா அங்க!"

"புரியுது மேடம். எழுதி மெயில் போடுங்க. நாலு மணிச் செய்திக்குப் பாக்கலாம்."

நாசமாய்ப் போக! அவனைச் சொல்லி என்ன, பாவம், அவன் எங்கள் ஊரைக் கண்டானா? ஓட்டைப் பாலத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். தண்ணீரைக் குடிக்காதீர்கள், விஷம் என்று போட்டேன். போன மாதம்தான் எவனோ இதே மாதிரி ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டு, ஊரே பிடித்துவைத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டியது. "மறுபடியுமா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சிரிக்கிற பொம்மை போட்டார்.

சுத்தியலை எடுத்தேன். வேலை போனால் போகட்டும், ஜெயிலில் போட்டாலும் போடட்டும். ஒரே அடியில் அரக்கு தெறித்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு, அலமாரியில் கிடந்த பழைய மைக்கைச் செருகி, "நேரம் இரண்டு மணி இரண்டு நிமிடம், உள்ளூர்ச் செய்திகள்" என்றேன். பெட்டியில் சினிமாப் பாட்டு தொடர்ந்து ஓடியது. சுவிட்சுப் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒயரே இல்லை. அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டு, சும்மா இருக்கிற சுவிட்சுக்கா முத்திரை குத்தியிருக்கிறார்கள்! அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுததில் ஒரு நிமிடம் போனது.

ஸ்கூட்டரை எடுத்தேன். எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

ஓட்டைப் பாலத்தில் தண்ணீர் வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. தெருக்குழாயில் குடம் வரிசையாக நின்றது. வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன்.

"குடிக்காதீங்க! கொட்டுங்க! விஷம் கலந்திருக்கு!"

"ஆறரை அக்கா குரல்டி அது," என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், குடத்தைக் கவிழ்த்தார்கள். யார் சொன்னது, எதில் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. "அய்யய்யோ, மாமாவுக்கு இப்பத்தானே குடுத்தேன்," என்று ஒரு பெண் வீட்டுக்கு ஓடினாள்.

நான் தம்பி வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. தம்பி பெண்டாட்டி கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னவன் துவண்டு கிடந்தான். பெரியவன் சுவரோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு டம்ளர், இரண்டும் காலி.

"அண்ணி," என்றாள். ஒரு வருடத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. "என்னன்னு தெரியல அண்ணி, ரெண்டும் ஒண்ணா ஆரம்பிச்சிடுச்சு."

பெரியவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். என்னை அத்தை என்று கூப்பிடவில்லை, கண் திறக்கவே இல்லை. ஒரு கையால் ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். அந்த அழைப்பும் இப்போது தலைநகரத்துக்குத்தான் போகிறது.

"எந்த இடம்ங்க?"

"ஓட்டைப் பாலம், ரெண்டாவது சந்து. சீக்கிரம் வாங்க, ரெண்டு குழந்தைங்க."

"அப்படி ஒரு இடம் பதிவுல இல்லையே. மண்டலம் சொல்லுங்க."

"ஏழாம் மண்டலம், பிரிவு மூணு," என்றேன்.

"வண்டி கிளம்பிடுச்சும்மா," என்றது போன்.

தம்பி பெண்டாட்டி தலை நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"அண்ணி, ஏழாம் மண்டலம்னா... நம்ம இடமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"மத்தியானம் சமைக்கும்போது ரேடியோல சொன்னாங்களே," என்றாள். சின்னவனின் வாயை முந்தானையால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். "முழுசாக் கேட்டேன் அண்ணி. யாரோ பாவம்னு நெனச்சேன்."