கோயில் சனல்

தயாபரன் என்று சொன்னாலே எனக்கு வாய் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கும். ஆனால் இந்தக் கதை அவனைப் பற்றியது, அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சரவணைக் கிராமத்தில் அவனுக்கும் எனக்கும் ஒரே வேலி. எங்கள் அம்மன் கோயிலின் தொண்டர் தலைவர் அவன். திருவிழாவென்றால் பட்டு வேட்டியும் கையில் வோக்கிரோக்கியுமாக நிற்பான். நான் மீனாம்பிகை, விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அமெச்சூர் வானொலிக்கு அனுமதிப்பத்திரம் எடுத்து இருபத்திரண்டு வருடமாகக் கையில் செற்றோடு திரிவதால் ஊர் எனக்கு 'றேடியோ ரீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டது. கோயிலில் ஒலிபெருக்கி அறிவிப்பும் என் பொறுப்புத்தான்.

போன வருடம் தேரன்று ஊர் முழுக்கப் படலையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தது. மத்தியானம் திரும்பி வந்தால் என் பசு சிவப்பியைக் காணவில்லை. தேடிப்போய்க் கிழக்குப் பனங்கூடலுக்குள் கண்டேன். தலை கிடந்தது, தோல் கிடந்தது. நிறைமாதச் சினை அவள். வயிற்றுக் கன்றையும் வெளியே எடுத்து எறிந்திருந்தார்கள். இறைச்சியை மட்டும் கொண்டுபோயிருந்தார்கள், நாசமாய்ப் போவார்.

செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவன் தயாபரன். "ஐயோ அக்கா, வாயில்லாச் சீவனை இப்பிடிச் செய்ய எப்பிடி மனம் வந்தது?" என்று சால்வையால் கண்ணைத் துடைத்தான். மண்வெட்டி எடுத்துவந்து குழி தோண்டியதும் அவன்தான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எனக்கு அன்று விளங்கவில்லை.

குழியை மூடும்போது மணலுக்குள் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் துண்டு காலில் தட்டுப்பட்டது. வோக்கியை இடுப்பில் கொழுவுகிற கிளிப், பாதியில் உடைந்திருந்தது. நான் ஒருவருக்கும் காட்டாமல் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். ரெலிபோனில் பேசினால் பொலிஸ் பிடிக்குமென்று கள்ளர் வோக்கியில் பேசுகிறார்கள். வோக்கியென்றால் அது என் இராச்சியம். அந்தக் கள்ளன் யாராயிருந்தாலும் ஊர் பார்க்க அவன் முகத்தில் கரி பூசாமல் விடுவதில்லை என்று அன்றே அம்மனுக்கு நேர்ந்தேன்.

என் செற்றில் ஸ்கான் என்று ஒரு வசதி இருக்கிறது. பதிந்து வைத்த சனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். எங்காவது ஆள் பேசினால் அந்த இடத்தில் நிற்கும். முதலில் ஐந்து விநாடி நின்றுவிட்டு அடுத்த சனலுக்குப் போகும்படி வைத்திருந்தேன். ஒருநாள் "மாட்டை" என்று ஒரு சொல் கேட்டு, குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவருவதற்குள் அது தாண்டிப்போய்விட்டது. விசரே பிடித்தது. பிறகு பேச்சு முடியும்வரை நிற்கும்படி மாற்றி வைத்துப் பார்த்தால், அது நாரந்தனையில் மாட்டுவண்டிச் சவாரிக்கு ஆயத்தம் செய்கிற ஆட்கள்.

வேண்டாத சனலை ஸ்கானிலிருந்து தவிர்க்கவும் முடியும். குறிகட்டுவான் படகுக்காரரின் சண்டையைக்கூட நான் தவிர்க்கவில்லை. தவிர்த்தது கோயில் செற்றுகளில் இருக்கிற பதினாறு சனலை மட்டும்தான். அம்மனுக்குத் தொண்டு செய்கிறவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டால் பாவம் என்று நினைத்தேன். விஞ்ஞானம் படித்த எனக்கு வந்த பக்தியைப் பாருங்கள்! நாசமாய்ப் போன கள்ளர் பத்து மாதம் அந்தப் பக்தியின் நிழலில் சுகமாக இருந்தார்கள். அதற்குள் நாலு வீட்டில் மாடு போனது.

வைகாசியில் கோயில் செற்றுகளைத் திருவிழாவுக்கு முன் சரிபார்த்துத் தரும்படி கணக்கப்பிள்ளை கதிர்காமு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு செற்றுகள். ஏழாம் இலக்கத்துக்குக் கிளிப் இல்லை, அடித்துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அலுமாரியைத் திறந்து என் பிளாஸ்ரிக் துண்டை எடுத்துப் பொருத்தினேன். முறிவுக்கு முறிவு சரியாக இருந்தது.

"ஏழாம் நம்பர் ஆரின்ர கையில இருந்தது, அண்ணை?"

"தயாபரன்ர. அது வருஷம் முழுக்க அவர் வீட்டிலதான். ஏன் ரீச்சர், பழுதோ?"

"பழுதுதான்" என்றேன்.

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். அவர் போனதும் பதினாறு சனலையும் திரும்ப ஸ்கானில் சேர்த்தேன்.

செற்றுகளைத் திருப்பிக் கொடுத்து மூன்றாம் நாள், காலை பதினொரு மணி. முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்கான் பதினாலாம் சனலில் நின்றது. தொண்டர்கள் பாவிப்பது முதலாம் சனலை மட்டும்தான்.

"அண்ணை, குளக்கரையில ரெண்டு நிக்குது."

"ஆக்கள் நிக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப வெட்டு. வான் இப்ப வரும்."

அந்த 'அண்ணை'யின் குரல் வேலிக்கு அப்பாலிருந்து நான் தினமும் கேட்கிற குரல். இலையைப் போட்டுவிட்டுக் குளக்கரைக்கு ஓடினேன். எட்டின தூரமா அது? போய்ச் சேர்ந்தபோது இரத்தம்தான் மிச்சம். இரண்டும் பால்காரி ஜசிந்தாவின் மாடுகள். அந்தப் பிள்ளை அந்தப் பாலை விற்றுத்தான் சீவித்தது.

கேட்டதை அவளிடம் சொன்னேன். "பொலிசுக்குப் போவம், ரீச்சர்" என்று அழுதாள்.

"போய்? நான் இல்லையெண்டு சிரிச்சுப்போட்டுப் போவான். ஊரும் அவன்ர பக்கம்தான் நிக்கும். பொறும் பிள்ளை. அவனை நான் தேரடியில வச்சுப் பிடிக்கிறன்."

என் வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு உயிர். சிவப்பியின் மூத்த கன்று செல்லி. இன்னும் ஈனாத இரண்டு வயது நாகு. காலையில் குசினி யன்னலுக்குள் தலையை விட்டுக் கஞ்சித் தண்ணீர் கேட்பாள். தேருக்கு முதல்நாள் பின்னேரம் வேலியால் எட்டித் தயாபரனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நாளைக்கு விடியவே கோயிலுக்கு வந்திடுவன். பின்னேரம்தான் திரும்புவன். செல்லியைப் பனங்கூடலுக்க கட்டிப்போட்டு வரட்டோ? பயமாக்கிடக்கு."

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, அக்கா. அம்மன் பாத்துக்கொள்ளுவா."

பாத்துக்கொள்ளட்டும் என்று நானும் நினைத்தேன்.

ஜசிந்தா பனங்கூடலில் ஒளிந்து நிற்கிறேன் என்றாள். நான் விடவில்லை. "உம்மைக் கண்டால் அவங்கள் வரமாட்டாங்கள். ஒலிபெருக்கியில நான் பேசத் தொடங்க, அவன்ர வோக்கியால அந்தச் சத்தம் அவங்களுக்கும் கேக்கும். மாட்டை விட்டுட்டு ஓடுவாங்கள். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கிறன்." பள்ளிக்கூடத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னேன்.

தேர் அன்று பத்தரைக்கு வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்தது. அறிவிப்பு மேசையில் ஒலிவாங்கி என் முன்னால் இருந்தது, செற்று கைப்பைக்குள், இயர்போன் காதில். ஒரு சனலையும் தவிர்க்காமல் ஸ்கானை ஓடவிட்டிருந்தேன். குருக்கள் காளாஞ்சி கொடுக்க ஆயத்தமானார். வெற்றிலையும் தேங்காயும் பழமும் வைத்த அந்தத் தட்டு யார் கைக்கு முதலில் போகிறது, யார் கைக்குப் பிறகு போகிறது என்பதற்காக எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பேசாமல் இருந்திருக்கிறார்கள். பெயர்களை வாசிப்பது நான். தயாபரனின் பெயர் ஐந்தாவது.

முதல் பெயரை வாசிக்க முன்னரே ஸ்கான் பதினாலில் நின்றது.

"அண்ணை, றேடியோ ரீச்சரின்ர நாகு கட்டி நிக்குது. வெட்டவோ?"

தயாபரன் எனக்குப் பத்தடி தள்ளி நின்றான். சால்வையால் வாயை மறைத்துக்கொண்டு வோக்கியை உயர்த்தினான்.

"பொறடா. காளாஞ்சி வாங்கிப்போட்டுச் சொல்லுறன்."

அவனைப் பிடிக்க அவ்வளவும் போதும். அந்த நேரமே இயர்போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். செல்லி உயிரோடுதான் நின்றாள். ஆனால் எனக்கு அது போதவில்லை. தட்டு அவன் கையில் இருக்க வேண்டும், 'வெட்டு' என்ற சொல் அவன் வாயிலிருந்து வர வேண்டும், அதை ஊர் கேட்க வேண்டும். முதல் நாலு பெயரையும் அவசரப்படாமல் வாசித்தேன். ஐந்தாவதுக்கு, "தன்னலம் கருதாத எங்கள் தொண்டர் தலைவர்" என்று கொஞ்சம் நீட்டியும் வாசித்தேன். அவன் பூரித்துப்போய்த் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றினான். ஒரு கையில் தட்டு, மற்றக் கையில் வோக்கி. நான் இயர்போனைப் பிடுங்கிச் செற்றை ஒலிவாங்கியோடு சேர்த்துப் பிடித்தேன்.

"ஓம், இப்ப வெட்டு. போன வருஷம் தாயைக் கத்த விட்ட மாதிரி விடாதை. கெதியா முடி."

எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது. தவில் நின்றது. அவன் வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தான்.

"அடியார்களே, நீங்கள் கேட்டது தயாபரனின் குரல். இப்போது வெட்டச் சொன்னது என் செல்லியை. போன தேரன்று வெட்டுவித்தது என் சிவப்பியை. ஊரில் போன மாடெல்லாம் இந்தக் கைக்குத்தான் போனது!"

குருக்கள் காளாஞ்சித் தட்டை அவன் கையிலிருந்து திருப்பி எடுத்தார். அந்தக் கோயிலில் அப்படி நடந்து நான் அறியேன். பெண்கள் தேரடி மண்ணை அள்ளி அவன்மேல் தூற்றினார்கள். பட்டு வேட்டி மண்ணாகி, முழங்காலில் விழுந்து, "அக்கா, அக்கா" என்றான். எனக்குப் பால் குடித்தது போலிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அதைவிடச் சந்தோஷம் என் வாழ்நாளில் வந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் கையிலிருந்த செற்றைப் பார்த்தேன். இலக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பதினாலாம் சனலில் பேச்சு முடிந்து, ஸ்கான் தன் பாட்டில் அடுத்ததுக்குப் போய்விட்டது. 'கெதியா முடி' என்றவுடன் அவன் பொத்தானிலிருந்து விரலை எடுத்திருந்தான். தேரடியின் சத்தம் ஒன்றும் அங்கே போகவில்லை.

பதினாலுக்குத் திருப்பிப் பொத்தானை அழுத்தினேன். அனுமதியில்லாத சனலில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. "விடுங்கோடா! பொலிஸ் வருகுது, விட்டுட்டு ஓடுங்கோ!" பதில் இல்லை. திரும்பவும் கத்தினேன், எல்லோருக்கும் முன்னால் தொண்டை கிழியக் கத்தினேன். உத்தரவு கிடைத்ததும் அவர்கள் செற்றை நிற்பாட்டிவிட்டார்கள்.

பனங்கூடலுக்கு எனக்கு முன்னால் ஜசிந்தா போய்விட்டாள். என்னைக் கண்டதும் கையை விரித்து வழியை மறித்தாள். "பாக்காதேங்கோ, ரீச்சர்." பார்த்தேன்.

பின்னேரம் பொலிசார் தயாபரனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோனார்கள். சார்ஜன் பனங்கூடலில் நின்று என் வாக்குமூலத்தை எழுதினார். கயிறு இன்னும் பனையில் இருந்தது. அதன் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் பகலில மாட்டை அவிட்டுத்தானே விடுறது? இது ஓட ஏலாமல் கட்டிக்கிடந்திருக்கு. கட்டினது ஆர்?"

"நான்தான்" என்றேன்.

அவர் அதையும் எழுதினார்.