விமலனின் ரைஃபிளுக்கு என்ன விலை

விமலன் இறந்து ஐந்தாவது வாரம் போலீஸிலிருந்து ஒரு பெண்மணி லின்ஃபீல்டில் இருந்த அவர் வீட்டுக்கு வந்தாள். ரைஃபிளுக்கான லைசென்ஸ் விமலன் பெயரில் இருந்தது. மனைவி யுவனேஸ்வரிக்கு லைசென்ஸ் கிடையாது. உள்ளவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து ஏவன்டேலில் இருந்த, லைசென்ஸ் வைத்திருந்த விமலனின் நண்பன் குலசிங்கம் அன்று மாலையே வந்து, விற்கும்வரை தன் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டான்.

விற்பது சரி. என்ன விலைக்கு? ஈப்போவில் பள்ளி டீச்சராக இருந்தவளுக்கு ரைஃபிளைப் பற்றி என்ன தெரியும்?

முதலில் கிரஹாமுக்கு போன் செய்தாள். விமலனோடு டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர்; சில சமயம் வேட்டைக்கும் கூடப் போனவர். ஆறு வருடத்துக்கு முன் அந்த ரைஃபிளை விமலனுக்கு விற்றவரும் அவர்தான்.

"உண்மையைச் சொல்றேன், அது நேராச் சுடாது. அதனாலதான் வித்தேன். முந்நூறு டாலருக்கு மேல யாரும் தரமாட்டாங்க," என்றார். கொஞ்சம் தயங்கி, "நானே வாங்கிக்கிறேன்," என்றார்.

குலசிங்கத்திடம் அதே மாடல் ரைஃபிள் இன்னொன்று இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆர் சொன்னது? நூறு மீட்டரில மூண்டு குண்டையும் ஒரு ரெண்டு டாலர் காசுக்குள்ள போடலாம். ஆயிரத்துக்குக் குறைஞ்சு குடுக்காதேங்கோ அக்கா."

"அப்ப நீங்களே வாங்கிக்கிங்களேன் தம்பி."

"எனக்கு ஒண்டு காணும்."

குறை சொன்னவர் வாங்கத் துடிக்கிறார். புகழ்ந்தவன் வேண்டாம் என்கிறான். யாரை நம்புவதென்று அவளுக்குப் புரியவில்லை. அதற்குள் குலசிங்கம் இன்னொன்றும் சொன்னான்.

"போன வருசம் அண்ணை சுட்ட மான் இறைச்சியை நாங்கள் ரெண்டு கிழமை வச்சுச் சாப்பிட்டனாங்கள்."

"எந்த மான்? அவர் ஒண்ணுமே சுட்டதில்லையே!"



ஆறு வருடமும் வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு வந்து, "இன்னைக்கும் தப்பிருச்சு யுவனா," என்று சிரித்த மனிதர். உயிரைக் கொல்வது தனக்குப் பிடிக்காது என்று ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை அவள் சொல்லியிருந்தாள். அதற்காகப் பொய் சொன்னாரா? இல்லை, கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு நண்பனிடம் பெருமை அடித்தாரா?

"சுட்டுப் பாத்தா ரைஃபிள் எப்படின்னு தெரிஞ்சிரும்ல?" என்றாள்.

"ஓம், தெரியும்."

ஞாயிறு காலை நகருக்கு வெளியே கிளப் சுடுதளத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். மழை தூறிக்கொண்டிருந்தது. காதடைப்பான் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். குலசிங்கம் குண்டு ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளி நான்கு முறை சுட்டான். பிறகு நூறு மீட்டர் நடந்து போய்க் காகிதத்தைப் பார்த்தார்கள். மூன்று ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. ஒன்று மட்டும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி.

"பாத்தியளே? நான் சொன்னது சரிதானே!"

"இது என்ன?" தனியாக நின்ற ஓட்டையைத் தொட்டாள்.

"அது முதல் குண்டு. குழாய் குளிர்ந்திருக்கேக்க இது அப்பிடித்தான் போகும் போல. என்ர இப்பிடிச் செய்யாது."

"காட்டுல மான் ரெண்டாவது குண்டுக்கு நிக்குமா?"

அவன் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். "நிக்காது."

"அப்ப அவர் எப்படி அதைச் சுட்டாரு?"

"நான் கூடப் போகேல்லை அக்கா. சுத்தின பார்சலைக் கொண்டுவந்து தந்தார். சுட்டது எண்டு சொன்னார். நான் வேற என்னத்தைக் கேக்க?"

அவளும் ஒரு முறை சுடவேண்டும் என்றாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ரைஃபிளின் பின்கட்டையை அவள் தோளோடு அழுத்திக் கொடுத்தான். விசையைத் தொட்டதும் தோள்பட்டையில் யாரோ ஓங்கி அறைந்தது போல இருந்தது. குண்டு காகிதத்திலேயே படவில்லை. இவ்வளவு வலியைத் தேடி ஒரு மனிதர் ஆறு வருடம் போயிருக்கிறார்! அவளுக்கு அழுகை வந்தது; கூடவே கோபமும் வந்தது.

அடுத்த வாரம் குலசிங்கம் வீட்டில் வைத்து ஐந்நூறுக்குக் கிரஹாமுக்கே விற்றாள். முதல் குண்டு தள்ளிப் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"தெரியுமே," என்றார் அவர். "அது கெட்ட ரைஃபிள்தான். வித்ததிலிருந்து நாலு ரைஃபிள் மாத்திட்டேன். இதுமேல இருந்த ஆசை மட்டும் போகலை. ஏன்னு கேக்காதீங்க."

ரைஃபிளைக் காரின் பின்னால் வைத்துப் பூட்டினார். அவள் கதவோரம் போய் நின்றாள்.

"கிரஹாம், போன வருசம் அந்த மானை விமலன்தான் சுட்டாரா?"

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த மான்?"

ஒரு மானும் இல்லை என்கிறாரா, பலவற்றில் எது என்கிறாரா? அந்த முகத்தில் இரண்டுமே இருந்தன. மறுபடி கேட்க வாயெடுத்தாள். பிறகு, "ஒண்ணுமில்லை, பார்த்துப் போங்க," என்று கையசைத்துவிட்டு உள்ளே நடந்தாள்.