வரப்பை ஒட்டிய வரிசை

பகல் பன்னிரண்டரை மணிக்குச் சின்னவள் சாப்பிட வீட்டுக்குப் போவாள். இரண்டு மணிவரை திரும்ப மாட்டாள். எனக்கு அது போதும்.

சின்னவள் என் கொழுந்தன் மனைவி. அண்ணனும் தம்பியும் ஒரே நிலத்தை நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் எங்கள் தக்காளி. அந்தப் பக்கம் அவர்களுடையது. ஒரே நாற்று, ஒரே கிணறு, ஒரே நாளில் நட்டது. அவள் காயில் ஓட்டை இல்லை.

போன சனிக்கிழமை கிடங்கில் தரம் பிரிக்கிறவர் என் பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பிளந்தார். உள்ளே புழு தலையை ஆட்டியது.

"இது மூணாவது தடவை. ரெண்டு வாரம் பாப்பேன். அப்பவும் புழு வந்தா இந்த வருஷம் உங்க சரக்க இறக்க மாட்டோம்."

"மருந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்கோம்."

"அதக் குடிச்சுத்தான் இது இப்படிக் கொழுத்திருக்கு. உங்க தங்கச்சி பெட்டியப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்கு."

"அவ என் தங்கச்சி இல்ல," என்றேன்.

நடவுக்கு முன்னால் பயிர் பாதுகாப்பு மையத்தில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. என்னையும்தான் கூப்பிட்டார்கள். புழுவைக் கொல்ல யாராவது படிப்பார்களா என்று சிரித்தேன். அவள் புது நோட்டு வாங்கிக்கொண்டு போனாள். வரும்போது கையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. அதில் இருப்பது புழுவுக்கு மட்டும் வரும் நோயின் கிருமியாம். தெளித்தால் புழு நோய் கண்டு சாகும். செத்ததை அரைத்துத் தெளித்தால் அடுத்த கூட்டமும் சாகும். இதை அவள் என் கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"மூளைக்காரி. நீயும் போய்க் கேட்டுட்டு வாயேன்."

"அவ வாசல்ல போய் நிக்கச் சொல்றீங்களா?"

"ஏன் வாசல்ல நிக்கற? உள்ள கூப்பிட்டு உக்கார வெப்பா."

என்னால் தாங்க முடியாதது அதுதான்.

கேட்கவில்லை. பார்த்தேன். நோய் கண்ட புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கும். உடம்பு கறுத்து, உள்ளே தண்ணீராகிவிடும். அவள் காலையில் அவற்றை ஒவ்வொன்றாக எடுப்பாள். நசுக்கித் துணியில் வடிகட்டுவாள். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் அதில் ஊற்றுவாள். செடிக்கு என்ன சலவை என்று நினைத்துக்கொண்டேன். தெளிப்பதோ சூரியன் இறங்கிய பிறகு. வெயில் பட்டால் மேனி கறுத்துவிடும் போல என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். வரப்பை ஒட்டிய கடைசி வரிசையை அவள் தொடுவதே இல்லை. அங்கே புழுக்கள் தொங்கியபடியே கிடந்தன. மூளைக்காரி ஒரு வரிசையை முழுசாக மறந்துபோகிறாள். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு வரப்பைத் தாண்டினேன். அறுபத்திரண்டு புழுக்கள். நான்கைந்து விரலிலேயே உடைந்தன. நாற்றத்துக்கு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டேன். வீட்டில் யாரும் இல்லை. மிக்சியின் சின்ன ஜாரில் அரைத்தேன். ஜாரைப் பையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

மாலையில் அவள் வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பாள். மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் திங்கட்கிழமையும் அதே பன்னிரண்டரைக்கு எங்கள் வயலுக்குப் போனேன். தலைக்கு நேரே வெயில். முதுகில் மருந்தடிக்கும் டேங்க். அவள் திரும்புவதற்குள் எல்லா வரிசையிலும் தெளித்து முடித்தேன்.

அன்று மாலை என் கணவர் பழச்சாறு போட அலமாரியைத் திறந்தார்.

"சின்ன ஜார் எங்க?"

"உடைஞ்சுபோச்சு."

"எவர்சில்வர் ஜார் எப்படிடி உடையும்?"

"எப்படியோ உடைஞ்சுது. அதுகிட்டதான் கேக்கணும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய் ஒரு ஜாரை வாங்கி வந்தார். அதே கம்பெனி. என்னுடையதைவிட நைசாக அரைத்தது.

புதன்கிழமை பார்த்தேன். வியாழக்கிழமை பார்த்தேன். ஒரு புழுகூட உச்சிக்கு ஏறவில்லை. சனிக்கிழமை என் சரக்கு கிடங்குக்குப் போகவில்லை. வண்டி வரவில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவளுடைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அதே வண்டி எங்கள் வாசல் வழியாகப் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மாலை வயலில் உட்கார்ந்து பத்துக் காய்களைப் பிளந்தேன். ஐந்தில் புழு இருந்தது. இன்னும் ஒரு வாரம். நிழல் காலில் விழுந்தபோதுதான் நிமிர்ந்தேன். சின்னவள் வரப்பில் நின்றாள். ஒரு கையில் கறுத்த புழுக்கள் நிறைந்த பாட்டில். இன்னொரு கையில் நீலம்.

"அக்கா, ஜார் நல்லா அரைக்குதா?"

"ம்."

"அத நீங்களே வெச்சுக்கோங்க. உங்க பழைய ஜார்ல இனிமே சாப்பிடுற எதையும் அரைச்சுடாதீங்க."

கையிலிருந்த காயைக் கீழே போட்டேன்.

"எந்த ஜார்?"

"மாமா வந்து சொன்னாரு, எவர்சில்வர் ஜார் உடைஞ்சுபோச்சுன்னு. நானும் அவர்கிட்ட ஆமா, உடையும்னு சொல்லிட்டேன்."

"நீ ஒண்ணும் எனக்காகப் பேச வேண்டாம்."

"சரி." வரப்பிலேயே உட்கார்ந்தாள். "கடைசி வரிசைய உங்களுக்குன்னுதான் விட்டேன். கையில கொண்டுவந்து கொடுத்தா வாங்க மாட்டீங்கன்னு தெரியும்."

அவள் தோட்டத்தில் அவள் மறந்ததாக இருந்தது அந்த ஒரு வரிசைதான். அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

"பெருசா விட்டுட்ட," என்றேன். "ஒண்ணுகூடச் சாகல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இந்தப் பக்கம் இறங்கி வந்தாள். என் செடியில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். புழு ஒன்று அவள் விரலில் ஏறியது.

"சாகணுமே அக்கா. அந்தக் கிருமிக்கு வெயில்தான் ஆகாது. பட்டா செத்துடும். அதுக்குத்தான் நீலம் கலந்து, பொழுது சாஞ்சப்புறம் அடிக்கிறேன்." விரலிலிருந்த புழுவைப் பார்த்தபடியே கேட்டாள். "நீங்க எத்தனை மணிக்கு அடிச்சீங்க?"