உள்ளங்கைக்கு ஒரு பம்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டு நான் மழுப்ப வேண்டாம். 2006இல் ஆரணியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், ஸ்கூட்டருக்குக் கேபிள் வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் உள்ளங்கைக்கு ஒன்றாக இரண்டு பியூயல் பம்புகளை ஏந்தி, கண்ணை மூடி எடை பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் கிடைத்ததும் நான் வந்துவிட்டேன். அவர் எதை வாங்கினார் என்று தெரியாது. அந்த அரிப்பு தாங்காமல்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "பட்டு மின்னும் ஆரணியின் இளங்காலையில்..." [வேண்டாம். சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

இரண்டாவது: "பரசுராமனின் அம்பாசிடர் ஒரு நாள் திடீரென்று" [எந்த வண்டி சொல்லிக்கொண்டு நின்றது?]

மூன்றாவது: பரசுராமனுக்கு ஒரு தம்பி உண்டு, பேச்சுவார்த்தைதான் இல்லை.

இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

3

பரசுராமனுக்குச் சேவூரில் பட்டுத் தறி. தம்பி ஜெயக்குமார் சென்னையில் கார் மெக்கானிக். அண்ணனின் அம்பாசிடரில் இருந்த கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை அழுத்திப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் கிட் ஒன்றைத் தானே பொருத்திக் கொடுத்தான். பரசுராமன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவாசி போனபோது, அந்த வண்டி சம்பந்தி வீட்டு வாசலிலேயே நின்றது. "உன்னப் போயி நம்புனேன் பாரு" என்றார் பரசுராமன், எல்லார் எதிரிலும். ஜெயக்குமார் ஒரு வயரைச் சரிசெய்து வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியவன்தான். கல்யாணத்துக்கும் வரவில்லை. அண்ணனும் போன் போடவில்லை.

இப்போது பெட்ரோலை டேங்கிலிருந்து தள்ளும் பம்பு செத்துவிட்டது.

4

கடைக்காரர் பவுல்துரை இரண்டு பம்புகளை எடுத்து வைத்தார்.

"இது கம்மி அழுத்தம், இது ஜாஸ்தி. உங்க தம்பி எதுக்கு ஏத்தா மாதிரி செட் பண்ணிகீறாரோ, பழைய பம்புல எழுத்தே அழிஞ்சி போச்சி. ஒரு போன் போட்டு கேளுங்கண்ணா."

"அதெல்லாம் வேணாம்."

"அப்ப இந்த பேஜாரே வேணாம். அந்த இன்ஜெக்ஷன் கிட்டையே கழட்டிட்டு பழையபடி கார்புரேட்டரே மாட்டிடலாம்."

"அது அவன் கையால மாட்டுனது. இருக்கட்டும்."

[இந்த ஆள் நான் நினைத்த ஆள் இல்லை. முரடன் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். தம்பி வேண்டாம், தம்பி மாட்டியது மட்டும் வேண்டுமாம். எனக்கே விளங்கவில்லை, ஆனாலும் பிடித்திருக்கிறது.]

பரசுராமன் பம்புகளைக் கையில் ஏந்திக் கண்ணை மூடினார். பட்டு நூலோ ஜரிகையோ முடிந்த புடவையோ, தூக்கிப் பார்த்தே தரம் சொல்லிப் பழகிய கை அது.*

"இதான். நல்லா கனமா கீது."

"ண்ணா, இது பொடவ இல்லண்ணா."

"மாட்டு."

* பம்பின் எடைக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. விசாரித்துவிட்டேன்.

5

சேவூர் போகும் வழியில் அம்பாசிடர் கரும்புகை கக்கி, இருமி, நின்றது. பின்சீட்டில் இருந்த மனைவி திலகவதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு வார்த்த கேக்க மனசு வராம ஊருக்கே புகை போட்டுகினு போறீங்களே."

தகவல் கிடைத்து மொபெட்டில் வந்து சேர்ந்த பவுல்துரை புகையைப் பார்த்ததுமே சொன்னார்: "ஜாஸ்தி அழுத்தம். அப்ப இன்னொண்ணுதான் கரெக்ட்டு. கையோட கொண்டாந்துட்டேன், ஜல்தியா மாத்திடறேன்."

[என் கதை இங்கே படுத்துவிட்டது, கவனித்தீர்களா? இருந்ததே இரண்டு பம்பு. ஒன்று தப்பென்றால் மற்றது சரி. இனி தம்பியை எதற்குக் கேட்க வேண்டும்? எழுத உட்காரும் முன்பே யோசித்திருக்க வேண்டும். அண்ணன் தம்பியைச் சேர்த்துவைக்க எனக்கு இருந்த ஒரே சாக்கும்]

"இரு" என்றார் பரசுராமன். "எதுக்கும் அவன ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

"அதான் தெரிஞ்சி போச்சேண்ணா."

"உனக்குத் தெரிஞ்சிச்சி. எனக்குத் தெரியல."

இதை நான் எழுதவில்லை, அவராகத்தான் சொன்னார் என்றால் நம்புவீர்களா? அவர் செல்போனை எடுத்து, எங்கும் தேடாமல், நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

6

முடிவு ஒன்று: ஜெயக்குமார் எடுக்கிறான். "எந்த பம்புடா போடணும்?" என்கிறார் அண்ணன். அவன் [அடுத்து அழுவான். எல்லாக் கதையிலும் அழவைத்தாயிற்று. வேண்டாம்.]

முடிவு இரண்டு: எடுக்கவில்லை. [எனக்கு மனசு வரவில்லை.]

மணி போய்க்கொண்டிருக்கிறது. எடுக்க வைப்பதும் விடுவதும் உங்கள் பாடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜெயக்குமார் எடுத்தால், பவுல்துரையைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய்விடுங்கள். சரியான பம்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார், சத்தமாகச் சொல்லிவிடப் போகிறார்.