பதினேழாம் கட்டில்

மூக்குக் குழாயை இழுப்பதற்கு முன் பொன்செல்வி வழக்கம்போல, "அத்தை, கொஞ்சம் இருமல் வரும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் விஜயம் அத்தை இறந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது நினைவுக்கு வந்தது. கட்டிலின் மறுபக்கம் நின்ற ஷீஜா டீச்சர் காதில் விழாததுபோல வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தார்.

ஷீஜா, அரசு நர்சிங் கல்லூரியில் அத்தையிடம் படித்துப் பிறகு அங்கேயே அத்தையோடு பாடம் நடத்தியவர். பொன்செல்வி அத்தையின் தம்பி மகள். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் வேலை. இரண்டு நர்ஸுகள் ஒரு உடலோடு இருந்தால் பேச்சு அதிகம் தேவைப்படாது. சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். கைகால்களை நேராக்கினார்கள். முதுகைத் துடைக்க ஒருக்களித்துத் திருப்பியபோது அத்தை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எடைதான் இருந்தாள்.

"பெட்சோர் புண்ணு ஒண்ணுகூட இல்ல, பாத்தியா" என்றார் ஷீஜா. "நாலு மாசம் கிடந்த ஆளு. டீச்சர் பாத்திருந்தா உனக்கு முழு மார்க் போட்டிருப்பாங்க."

"மாட்டாங்க. ஷீட்டுல சுருக்கம் இருக்குன்னு சொல்லியிருப்பாங்க."

ஷீஜா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். கரமனையில் அத்தை வீடு இருந்த சந்துக்குள் பால்காரரின் ஸ்கூட்டர் சத்தம் வந்து, நின்று, மறுபடி போனது.

"அப்பாகிட்ட சொன்னியா மோளே?"

"இல்ல."

"சொல்லணும் கேட்டியா. சாந்திகவாடத்துல மூணரைக்கு எரிக்க நேரம் தந்திருக்காங்க. போனக்காட்டுலேர்ந்து பஸ் பிடிச்சு வரணும் இல்லியா."

பொன்செல்வி கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போனாள். அப்பா வன்னியபெருமாள் இன்னும் போனக்காட்டு மலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் இருந்தார். அவர் போனில் ரேஞ்ச் கிடைப்பது அபூர்வம். பக்கத்து வீட்டு மாடம்மாள், தன் போனை ஜன்னல் கம்பியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொங்கவிட்டிருப்பாள். அதில்தான் கூப்பிட வேண்டும்.

"சித்தி, விஜயம் அத்தை இறந்துட்டாங்க."

"எப்ப?"

"ஆறு பத்துக்கு."

"கஷ்டப்பட்டாளா?"

"இல்ல."

"இரு, உங்கப்பன கூப்பிடுறேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டும் சத்தம், கோழிகள். பிறகு அப்பாவின் மூச்சு.

"அப்பா, அத்தை போயிட்டாங்க. மூணரைக்குத் தகனம்."

"உனக்கு டூட்டி இல்லியா? நீ எதுக்கு அங்க இருக்க?" என்றார்.

"லீவு போட்டு இருபத்திரெண்டு நாளாச்சுப்பா. அத்தைகூடத்தான் இருக்கேன். அதுக்கு முன்னாடியும் வந்துட்டுத்தான் இருந்தேன்."

இணைப்பு அறுந்தது. ரேஞ்ச் போனதா, அவரே வைத்தாரா என்று தெரியவில்லை.

அக்காவும் தம்பியும் பேசிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. பொன்செல்வியின் அம்மா இறந்தபோது அத்தை போனக்காட்டுக்கு வந்தாள். அப்பா வீட்டு வாசலில் குறுக்கே நின்றார். அத்தை திரும்பிப்போய் லயத்தின் கடைசியில் இருந்த தண்ணீர்க் குழாய் அருகே நின்றுகொண்டிருந்தாள். உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு கிளம்பி, அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிப் போனாள். அப்போதும் பொன்செல்வி வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் ஒரு கட்டிலில் தொடங்கியது.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. காட்டாக்கடைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே புதிதாக எழும்பிய ஒரு நர்சிங் கல்லூரியில் முதல் வருடம். அப்பாதான் சேர்த்தார். மாடம்மாளின் மகள் பிஜியையும் அவரே அழைத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தார். "எங்கக்கா இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போற ஆளு. நல்ல காலேஜா இல்லியான்னு எங்களுக்குத் தெரியாதா" என்று மாடம்மாளிடம் சொன்னார். உண்மையில் அக்காவிடம் அவர் கேட்கவே இல்லை. சேர்ந்து முடிந்த பிறகுதான் அத்தைக்குத் தெரிந்தது. "அவங்க ஆஸ்பத்திரியில எத்தன பெட்டு?" என்று மட்டும் கேட்டாள். "நூத்தம்பது" என்றார் அப்பா, விளம்பர நோட்டீசைப் பார்த்து.

நூற்றைம்பது கட்டில்கள் இருந்தன. நோயாளிகள்தான் இல்லை. பிள்ளைகள் ஊசி போடப் பழகியது ரப்பர் பொம்மைக்கு. ரத்த அழுத்தம் பார்த்தது ஒருவருக்கொருவர். ஆறு மாதத்தில் பொன்செல்வி தொட்ட நிஜ நோயாளிகள் நான்கு பேர். அதில் ஒருவர் கல்லூரி வேன் ஓட்டுநர்.

ஒரு நவம்பர் காலையில், இன்றைக்கு வகுப்பு இல்லை, யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு நைட்டி போட்டுக்கொண்டு இரண்டாம் மாடிக்கு வாருங்கள் என்று சொன்னார்கள். பதினெட்டுப் பேரைக் கட்டிலுக்கு ஒருவராகப் படுக்கவைத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் ஒரு நோய். நரம்பில் மருந்து ஏற்றும் கானுலாவை, ஊசி இல்லாமல், தோலின் மேல் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். பொன்செல்விக்குப் பதினேழாம் எண் கட்டில், மூன்று நாள் காய்ச்சல். பிஜிக்குப் பதினெட்டு, வயிற்று வலி. படுத்தவுடன் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அனுமதி தரும் நர்சிங் கவுன்சிலிலிருந்து யாரோ வந்து நோயாளிகளை எண்ணிவிட்டுப் போவார்கள், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள்.

வந்தது அத்தை.

எந்தக் கல்லூரி என்று அன்று காலையில்தான் அத்தைக்குச் சொல்லியிருந்தார்கள். போக வேண்டியவர் கடைசி நேரத்தில் வராமல் போனதால் இவளை அனுப்பினார்கள். தம்பி மகள் அங்கே படிக்கிறாள் என்பதை ஜீப்பிலேயே உடன் வந்தவரிடம் சொன்னாள். பிறகு அறிக்கையின் முதல் பக்கத்திலும் எழுதினாள். இதெல்லாம் பொன்செல்விக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, கட்டில் கட்டிலாக நெருங்கி வந்த அந்த நடைதான்.

அத்தையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பொன்செல்வியின் மணிக்கட்டைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினாள். பிறகு, முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல மலையாளத்தில், காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டாள்.

"காய்ச்சல் இல்ல அத்தை" என்றாள் பொன்செல்வி, தமிழில், உதடு அசையாமல். "நாங்க பதினெட்டுப் பேரும் ஸ்டூடண்ட்ஸ்."

வீரமெல்லாம் இல்லை. அந்தக் கை பிடித்துக்கொண்டிருக்கும்போது வேறொன்று சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். அத்தை அவள் கையைப் படுக்கையில் வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அடுத்த கட்டிலுக்குப் போய்ப் பிஜியிடமும் கேட்டாள். பிஜி, வயிற்று வலி என்றாள். பதினெட்டுக் கட்டிலையும் பார்த்து முடித்துவிட்டுத்தான், நோயாளிகளின் பதிவுத் தாள்களைக் கொண்டுவரச் சொன்னாள்.

பதிவுத் தாள்கள் இல்லை. சமையலறையில் பதினெட்டுப் பேருக்குச் சமைத்த கணக்கில்லை. மருந்தகத்தில் அவர்களுக்குக் கொடுத்த மருந்து இல்லை. அறிக்கையில் இருந்தவை இவ்வளவுதான். ஒரு பெண் சொன்னாள் என்று ஒரு வரி அதில் இல்லை.

அனுமதி மறுக்கப்பட்டது. கல்லூரி நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளைகளை வேறு கல்லூரிகளுக்கு மாற்ற உத்தரவு வரப் பதினான்கு மாதம் ஆனது. பொன்செல்விக்குக் கொல்லத்தில் இடம் கிடைத்தது. பிஜி அதற்குள் நெடுமங்காட்டில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் படிப்புக்குத் திரும்பவில்லை. அப்பா தினமும் மாடம்மாளைத் தாண்டித்தான் வேலைக்குப் போகவேண்டும், அவளைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கவேண்டும். "ஒரு வரிய எழுதாம விட்டிருந்தா எங்கக்கா கை ஒடிஞ்சா போயிரும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார்.

கொல்லத்தில் படித்த காலத்தில் பொன்செல்வி, அப்பாவுக்குத் தெரியாமல் கரமனைக்கு வரத் தொடங்கினாள். "நான் சொல்லாம இருந்திருந்தா?" என்று ஒருமுறை கேட்டாள். அத்தை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லாட்டியும் தெரியும். நாடி தொண்ணூத்தாறு, ஒடம்பு சில்லுன்னு கிடக்கு. மூணு நாள் காய்ச்சக்காரிக்கு அப்படியா இருக்கும்?"

அதன் பிறகு பொன்செல்வி எத்தனையோ காய்ச்சல்காரர்களின் கையைப் பிடித்துவிட்டாள். அத்தை சொன்னது உண்மையா, தனக்காகச் சொன்னதா என்று மட்டும் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

"அப்பாகிட்ட நான் சொல்லிரட்டுமா அத்தை?"

"படிச்சு முடி. பொறகு சொல்லு."

படித்து முடித்தாள். கவுன்சில் பதிவு எண் வந்தது. வேலை கிடைத்தது. அம்மா இறந்தாள். இன்னொரு முறை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அத்தையும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பகல் பன்னிரண்டரைக்கு அப்பா வந்தார். கூட மாடம்மாளும் வந்திருந்தாள். முற்றத்தில் போட்டிருந்த தார்ப்பாய்க்குக் கீழே, வாசலுக்கு மிகத் தள்ளி இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்தார். மாடம்மாள் உள்ளே போய், அத்தையைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். அத்தையின் கல்லூரியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், யாரிடமோ அத்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டீச்சர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாராங்கன்னு கேட்டாலே காலேஜ் முதலாளிமாருக்குத் தூக்கம் வராது. சொந்தம் பந்தம் ஒண்ணும் பாக்காத ஆளு."

அப்பா எழுந்து வாயிற்கதவுக்கு வெளியே போனார். பொன்செல்வி பின்னாலேயே போனாள். மாடம்மாளும் எழுந்து வந்தாள்.

"உள்ள வாங்கப்பா."

"வந்துட்டேன்ல. இங்கயே நிக்கிறேன்."

"அப்பா, அன்னிக்கு நாந்தான் சொன்னேன்."

"என்னத்த?"

"காலேஜ்ல. அத்தை என் கையப் பிடிச்சு எத்தன நாளா காய்ச்சல்னு கேட்டாங்க. காய்ச்சல் இல்ல, நாங்கெல்லாம் ஸ்டூடண்ட்ஸ்னு நான் சொன்னேன். அதுக்குப் பொறகுதான் அவங்க பேப்பர் கேட்டது."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. திரும்பி மாடம்மாளைப் பார்த்தார். அவர் முகத்தில் பொன்செல்வி பார்த்தது கோபமல்ல, பயம். இவள் கேட்டுவிட்டாளே என்ற பயம்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மாடம்மாள். "பிஜி அன்னிக்கே சொன்னா. அடுத்த கட்டில்லதானே கிடந்தா, அவளுக்குக் கேக்காதா?"

பொன்செல்வி அவள் பக்கம் திரும்பினாள். "பொறகு ஏன் சித்தி நீங்க…"

"எனக்கும் ஆத்திரம்தான். ரெண்டு வருஷம் உங்கூடப் பேசாம இருந்தேனே, நீ கவனிச்சியா? அத நீ வேற எதுக்கோன்னு நெனச்சிருப்ப." மாடம்மாள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிஜிதான் சத்தியம் வாங்கினா. 'நான் பொய் சொன்னேன், அவ சொல்லல. அத ஊர்ல சொல்லி அவ படிப்பையும் கெடுக்கணுமா அம்மா'ன்னா. நான் என்னத்த சொல்ல."

சந்தில் ஒரு ஆட்டோ வந்தது. மூவரும் மதிலோடு ஒட்டி நின்று அதற்கு வழிவிட்டார்கள்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அப்பா.

"தெரியாதுப்பா."

அவர் தலையசைத்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "அக்கா பைப்படியில நின்னா. ஒரு மணிக்கூர் நின்னா. மழ வேற தூறிச்சு."

"அத்தை உங்களக் குத்தம் சொன்னதே இல்லப்பா."

"நீ இரு" என்றார். குரலில் கடுமை இல்லை. செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்துவிட்டு உள்ளே போனார்.

கண்ணாடிப் பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. ஷீஜா டீச்சர் நாற்காலி கொண்டுவந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். வாய்க்கரிசி போடும்போதும் சுற்றி வரும்போதும் யார் என்ன சொன்னார்களோ அதைச் செய்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தலைமாட்டுப் பக்கத்தை அவர்தான் பிடித்தார். தைக்காட்டில் இருந்த சாந்திகவாடம் போகும்வரை, வளைவுகளில் ஸ்ட்ரெச்சர் அசையாமல் இருக்க அதன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பொன்செல்வி எதிரே உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எதிர்பார்த்த கோபம் தன்மேல் இன்னும் வந்து விழவில்லை. நாளைக்கு வரலாம். அடுத்த வாரம் வரலாம்.

சாந்திகவாடத்தில் அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முறை வந்து, உடல் உள்ளே போய், கதவு மூடியது. அலுவலக ஜன்னலில் இருந்த இளைஞன் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விவரங்கள் கேட்டான். வயது, முகவரி, வேலை. பொன்செல்வி மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். அஸ்தியை நாளைக் காலையில் வாங்கிக்கொள்ளப்போவது யார் என்று கேட்டான். அவள் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"என் பேர எழுதச் சொல்லு" என்றார் அப்பா, பின்னாலிருந்து.

இளைஞனுக்குப் பெயர் பிடிபடவில்லை. இரண்டு முறை கேட்டான். மூன்றாவது முறை, பதிவேட்டையே திருப்பி ஜன்னல் வழியாகத் தள்ளிப் பேனாவையும் கொடுத்தான். உறவு என்ற கட்டத்தில் முதலில் 'தம்பி' என்று தமிழில் எழுதினார் அப்பா. பிறகு அதற்குப் பக்கத்தில் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினார். கட்டம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்துகளைக் கோட்டுக்கு மேலே ஏற்றி எழுதி முடித்தார்.