பிணத்துக்கு வந்த இருமல்

எங்கள் அலுவலக நாடகக் குழுவில் என் வீட்டுக்காரருக்குத் திரை என்று பெயர். இருவரும் குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கிறோம். ஆண்டு விழா நாடகத்தில் நான் நடிப்பேன், அவர் திரை இழுப்பார். இந்த முறை பிணமாகப் படுக்கவேண்டிய ஸ்டோர்கீப்பர் மாற்றலாகிப் போய்விட்டார். "நான் படுத்துக்கட்டுமா?" என்று இவர் கேட்டார்.

கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். போன வருடம் வேலைக்குக்கூடப் போகாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர். மனச்சோர்வு என்று டாக்டர் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்ல ஆள் திரும்பி வந்தார். வந்தவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் இந்தப் பிண வேஷம்தான். நான் வேண்டாம் என்பேனா?

வீட்டு சோபாவில் ஒத்திகை நடந்தது. மகள் பேனாவால் அவர் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தாள். அசையவில்லை. "சூப்பர் பிணம்ப்பா" என்று சான்றிதழும் கொடுத்தாள். நாடகத்துக்கு முதல் நாள் வறட்டு இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிணத்துக்கு இருமல் என்றதும் அலுவலகத்தில் ஆளாளுக்கு டாக்டராகிவிட்டார்கள். நாடகத்தன்று ஒப்பனை அறைக்கு இயக்குநரே இருமல் மருந்து பாட்டிலோடு வந்தார். பகலில் அவர் எங்கள் இன்ஜினியர். "ஒரு மடக்கு குடிங்க திரை, தொண்டை கப்சிப்னு ஆயிடும்" என்றார். இவர் அளவு மூடியைத் தூர வைத்துவிட்டு பாட்டிலை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனார். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மத்தியானம் என்ன போட்டீங்க?"

"ஜலதோஷ மாத்திரை. கேஷியர் கொடுத்தாரு."

அட்டையை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தேன். பாட்டிலையும் திருப்பிப் படித்தேன். இருமலை அடக்கும் அதே மருந்து இரண்டிலும் இருந்தது.

"இதெல்லாம் சீட்டு இல்லாம கடையில கொடுக்கிறதும்மா. என்ன ஆயிடப்போகுது?" என்றார் இயக்குநர்.

என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. அதனால்தான் இவருடைய மாத்திரையை மாதாமாதம் வாங்கும் மருந்துக்கடை அம்மாவுக்கு போன் போட்டேன். வராந்தாவில் நின்று இரண்டின் பெயரையும் படித்துக் காட்டினேன்.

"பாட்டில மூடி வைங்க" என்றார் அந்த அம்மா. "ஏற்கெனவே உள்ள போனதோட இதுவும் சேர்ந்தா அளவு கூடிப்போகும். அதவிட முக்கியம், சார் தினம் போடுறாரே, அந்த மாத்திரைக்கும் இதுக்கும் ஆகாது. ஜலதோஷ மாத்திரையும் இனிமே வேண்டாம். கை நடுங்குதா? நெஞ்சு படபடக்குதா? பேச்சு குழறுதா?"

உள்ளே எட்டிப் பார்த்து, இவரைக் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். நடுக்கம் இல்லை, பவுடர்தான் இருந்தது.

"அப்படி ஏதாச்சும் தெரிஞ்சா நாடகத்த விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இப்போதைக்கு வெந்நீர்ல தேன் கலந்து கொடுங்க."

"இருமல் மிட்டாய் வாயில போட்டுக்கலாமா?"

"உக்காந்து சப்பலாம். படுத்துக்கிட்டு கூடாது, தொண்டையில மாட்டிக்கும்."

உட்கார்ந்திருக்கும் பிணம் எங்கே கிடைக்கும்? மிட்டாயும் போச்சு. உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப வேற ஆளப் பார்த்துக்கட்டும்" என்றார் இவர். முகத்தில் அந்தப் பழைய சுவர் தெரிந்தது.

"நீங்கதான் படுக்கறீங்க. இருமல் வந்தா என் கையக் கிள்ளுங்க, போதும்."

மேடையில் நான் அவருக்கு மனைவி, அதாவது வீட்டில் போலவே. "சத்தம் போட்டு அழக்கூடாதும்மா. ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர்" என்று இயக்குநர் ஒத்திகை முழுக்கப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

திரை திறந்து கொஞ்ச நேரத்திலேயே முதல் கிள்ளு விழுந்தது. அவர் மேல் விழுந்து ஓவென்று அலறினேன். அடியில் ஒரு இருமல் காதும் காதும் வைத்ததுபோல் முடிந்தது. பக்கவாட்டில் இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். இவர் அடுத்தடுத்துக் கிள்ளினார், நான் அடுத்தடுத்து அலறினேன். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அப்புறம் கிள்ளு நின்றுவிட்டது. நெஞ்சில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக ஏறி இறங்கியது. அந்த ஒரு மடக்கு உள்ளே போயிருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. போன வருடமெல்லாம் இவர் எதிரில் அழக்கூடாது என்று அடக்கி வைத்திருந்தது மொத்தமாக உடைந்தது. அதற்கப்புறம் நான் நடிக்கவில்லை.

திரை விழவேண்டிய நேரத்தில் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. இழுப்பவர் புது ஆள். போர்வைக்குள் பிணம் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தது: "இடது கயிறு."

"ஐயோ, யாராவது அந்த இடது கயித்த இழுங்களேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினேன். இழுத்தார்கள். திரை மூடியது. அரங்கமே எழுந்து கைதட்டியது.

சேர்த்து வைத்த இருமலையெல்லாம் உட்கார்ந்து இருமித் தீர்த்தார். கண்ணில் தண்ணீர், காதுவரை சிரிப்பு.

"நான் நல்லா செத்தேனா?" என்று கேட்டார்.

"ரொம்ப மோசம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லவேளை."